பாலிகஞ்ச் பின்கட்டு ஆவி

பேய்க் கதை சொல்ல வருகிறவனை நம்பக் கூடாது. இது என் சொந்தச் சரக்கு அல்ல. கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு சபை இருந்தது. அது பல தடவை ஓட்டெடுத்துச் சொன்ன முடிவு. விழுந்த ஓட்டுகளைக் குறிப்பெழுதியவன் நான்தான், ஆகையால் எனக்குத் தெரியும்.

தலைநகரம் டில்லிக்குப் போகாத காலம். மாயவரம் பட்டாபிராமனாகிய நான் கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சுருக்கெழுத்து வரும். இங்கிலீஷ் நாவல் பைத்தியம் உண்டு, அதிலும் பேய் நாவல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பாழடைந்த மாளிகை, கொட்டுகிற பனி, அடுத்த அறையில் யாரோ மூச்சு விடுகிற சத்தம்! கல்கத்தாப் புழுக்கத்தில் பனைவிசிறியும் கையுமாக உட்கார்ந்து பனியைப் பற்றிப் படித்தால் உடம்புக்கு எத்தனை சுகம் தெரியுமோ? அந்தச் சுகத்துக்காகத்தான் அமானுஷ்ய விசாரணைச் சபையில் சம்பளமில்லாத குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அவர்களிடம் பீரோ பீரோவாகப் பேய் நாவல் இருந்தது.

சபை சனிக்கிழமை மத்தியானங்களில் அலிப்பூரில் ஒரு பங்களா ஹாலில் கூடும். தலைவர் பெல்லமி துரை, எந்தெந்த ஜில்லாவிலோ ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் டாக்டர் க்ரெய்க். மூன்றாவது ராய் பகதூர் நிபாரண் ஹால்தார், கனவான்கள் சிரித்த பிறகு சிரிக்கிற கனவான். மற்றவர்கள் டீ குடிக்க வருகிறவர்கள், அவர்கள் நமக்கு வேண்டாம்.

முதலில் மணி அடிக்கும். ஆதாரம் போதாமல் தள்ளுபடியான ஆவிகளுக்காக எல்லோரும் எழுந்து மௌனம் அனுஷ்டிப்பார்கள். பிறகு ஒரு நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசிக்கப்படும். உடனே, அந்தக் கதையைச் சொல்கிறவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். அதாவது ஒரு காலி நாற்காலியை நடுவில் போட்டு, அதில் அவர் உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து டாக்டர் குறுக்கு விசாரணை செய்வார். காலி நாற்காலி பதில் சொல்லாது. அதைத் திருட்டு முழி என்று எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். நானும் எழுதுவேன். கடைசியில் ஓட்டு: சொன்னவர் பொய்யரா, பித்தரா, பேயைப் பார்த்தவரா? பார்த்தவர் என்று என் காலத்தில் ஒருவருக்கும் தீர்ப்பாகவில்லை.

டாக்டரின் பிரசங்கம் ஒன்று எனக்கு மனப்பாடம். "கனவான்களே! இந்த அம்மாள் பார்த்தது பேயே அல்ல. தன் நெஞ்சுக்குள் புழுங்குகிற ஆசையையோ பயத்தையோ குற்றத்தையோ எடுத்து, வெள்ளை அங்கி மாட்டி, ஜன்னலுக்கு வெளியே தானே நிறுத்துகிறாள். பிறகு, ஐயோ ஜன்னலில் யாரோ என்று தானே அலறுகிறாள். இந்த வியாதி பெண்களுக்கு வரும், குடிகாரர்களுக்கு வரும், சுதேசிகளுக்கு நிச்சயமாக வரும். நமக்கு வராது. ஏனென்றால் நமக்கு இந்தத் தத்துவம் தெரியும்." ஹால் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சுதேசி என்றால் வேறு யாரோ என்கிற நினைப்பில்.

இப்படி ஜோராக நடந்துகொண்டிருந்த சபையில் ஒரு நாள் தலைவரே எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. வெள்ளைக்கார முகம் அதற்கு மேல் வெளுக்குமா என்று கேட்காதீர்கள், வெளுத்தது.

"கனவான்களே, பாலிகஞ்சில் என் மாடி ஜன்னலிலிருந்து பின்பக்கத்து வீட்டின் கொல்லை தெரியும். அந்தத் தாழ்வாரத்தில் ஒரு ஸ்திரீ தோன்றுகிறாள். விரித்த தலை. யாரோடும் பேசுவதில்லை. வாசற்படி வரை வருகிறாள், ஏதோ ஒரு சக்தி தடுத்த மாதிரி நின்றுவிடுகிறாள். வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதே இல்லை. மூன்று நாள் இருக்கிறாள், பிறகு மறைந்துவிடுகிறாள். அடுத்த மாதம் மறுபடியும் அதே மூன்று நாள்."

டாக்டர் பரபரப்போடு, "மாதம் ஒரு முறை! சந்திரனின் ஆகர்ஷணம்!" என்று குறித்துக்கொண்டார். டாக்டர், ஐயா, டாக்டர்! பட்டம் வாங்கினவர்!

"வேலைக்காரன் ஒருவன் வருவான்" என்று தலைவர் தொடர்ந்தார். "மேலே துணியில்லை. உலர்ந்துபோன ஆசாமி, குடுமி அவிழ்ந்து தொங்கும். முகத்தில் அப்படி ஒரு பீதியை நான் தூக்கு மேடையில்கூடப் பார்த்ததில்லை. இலையில் எதையோ வைத்து, எட்ட நின்று தள்ளிவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே ஓடுகிறான். ஆவிக்குப் படையல் என்று நினைக்கிறேன்."

என் பென்சில் நின்றுவிட்டது. அந்த வேலைக்காரன் நான்.

எங்கள் வீடுகளில் மாதாமாதம் அந்த மூன்று நாளும் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள், எதையும் தொடமாட்டார்கள். தனிப் பாய், தனிச் சொம்பு, பின்கட்டில் வாசம். ஊரில் என்றால் சமைத்துப் போட மன்னியோ சித்தியோ இருப்பார்கள். கல்கத்தாவில் யார் இருக்கிறார்கள்? என் மனைவி அனந்தலக்ஷ்மி வெளியே உட்கார்ந்தால் அடுப்படிக்கு நான்தான். பீதியும் வாஸ்தவம்தான். நான் வைத்த ரசத்தை அவள் வாயில் விடுவதற்குள் உள்ளே ஓடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் காது கொடுத்துக் கேட்க முடியாது. மற்ற நாளில் துரை என்னைப் பார்ப்பது கோட்டும் தலைப்பாகையுமாக. அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ஒரு ஜட்ஜிடம், இங்கிலீஷில்! நம் பாஷையிலேயே அதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. "சார், அது என் வீடு" என்பது வரைக்கும் வந்தது. ஹாலே என் பக்கம் திரும்பிற்று.

"உன் வீடா? வீட்டில் ஸ்திரீகள் உண்டா?" என்றார் தலைவர்.

"மனைவி உண்டு சார். இப்போது மாயவரம் போயிருக்கிறாள்."

பொய் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்த பிறகு என்ன மரியாதை! அதுவரை கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனுக்கு டாக்டர் தன் கையால் நாற்காலி இழுத்துப் போட்டார், நாடி பார்த்தார். ராய் பகதூர் "பட்டாபி பாபு, கீ ஆஷ்சர்ஜோ!" என்று வங்காளியில் ஆச்சரியப்பட்டுத் தோளைத் தட்டினார். ஆவியோடு குடித்தனம் செய்கிறவனை அவர்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் அனந்தலக்ஷ்மி பின்கட்டில் பல்லாங்குழியை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் தானே புளியங்கொட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, அந்த மாடியிலேருந்து ஒரு வெள்ளைக்காரன் குழாய் வெச்சுண்டு பாக்கறான்" என்றாள்.

"அவர் பெரிய ஜட்ஜ். நக்ஷத்திரம் பாக்கறவர்" என்றேன் நான் உள்ளே நின்றபடி.

"நக்ஷத்திரம் நம்மாத்துக் கொல்லையிலேயா இருக்கு? எனக்கு உடம்பு கூசறது. ஒரு தட்டியாவது கட்டுங்கோ."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றேன். "செத்த இங்கேயே இருங்கோளேன், பேச்சுக்கு ஆளில்லை" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. கையில் ஒரு புது நாவல், அதில் மாளிகைக் கதவு அப்போதுதான் தானாகத் திறந்திருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

தட்டி கட்டவில்லை. கட்டினால் சபை எதைப் பார்க்கும்?

அடுத்த மாதம் மூவரும் துரையின் மாடியில் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பின்னால், குறிப்பு எழுத. சாயங்கால வெயில் கொல்லையில் நன்றாக விழுந்திருந்தது. என் பெண்டாட்டி அங்கே சாயம் போன புடவையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். தூரதிருஷ்டிக் குழாய் கைக்குக் கை மாறிற்று.

முதலில் தலைவர் பார்த்தார். "கழுத்தில் கயிறு" என்றார் மெதுவாக. "மஞ்சளாக ஒரு கயிறு. நெற்றியைச் சுளித்து என்னையே பார்க்கிறாள். அந்த வழக்கில் சாட்சியம் முழுமையாகத்தான் இருந்தது. ஜூரிகள்தான் சொன்னார்கள், நான் சட்டத்தைப் படித்தேன், அவ்வளவுதான்." எந்த வழக்கு என்று யாரும் கேட்கவில்லை. அது தாலிக்கயிறு என்று நானும் சொல்லவில்லை.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். "எதையோ எண்ணுகிறாள். ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடுகிறாள். மாத்திரைகள்!" என்றார். குழாயைக் கண்ணிலிருந்து எடுத்தார். பிறகு, "கம்பௌண்டர் கலந்தது அது. சீட்டில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன்" என்றார். புளியங்கொட்டை அவரை இப்படிப் பேசவைக்கும் என்று அனந்தலக்ஷ்மி கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

ராய் பகதூர் ரொம்ப நேரம் பார்த்தார். "ஐரோப்பிய சீமாட்டி ஒருத்தி" என்றார் தழுதழுத்து. "கார்டன் பார்ட்டியில் நான் குனிந்து வணக்கம் சொன்னேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே திருப்பல்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தத்துவம் தெரிந்த மூன்று பேரும் ஆளுக்கொரு பேயை நெஞ்சிலிருந்து எடுத்து என் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டு நடுங்குகிறார்களே! உலகத்தில் தெளிவாகப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான் என்று குறிப்புப் புஸ்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு தீர்மானம் நிறைவேறும் வரைக்கும்தான். அடுத்த மாதம் ஆவி தோன்றும்போது சபை மணியோடு கொல்லைக்குள் பிரவேசிக்க வேண்டும். முதலில் இங்கிலீஷிலும் பிறகு வங்காளியிலும் பெயர் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தலைவர் அதன் கையைப் பிடித்து, சதையா புகையா என்று சோதிக்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறிற்று.

கையைப் பிடிப்பதா! வீட்டுக்கு ஓடி, வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று, எல்லாவற்றையும் அனந்தலக்ஷ்மியிடம் கொட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொன்னேளா?"

"வாய் தவறி வந்துடுத்து."

"அப்போ போயிடறேன். உங்க வாக்குப் பொய்யாக வேண்டாம்" என்றாள். "வர சனிக்கிழமை சந்தானத்தை வரச் சொல்றேன். பெட்டியோட நானும் உங்க சபை வாசல்லே வண்டியிலே உக்காந்திருப்பேன். உள்ளே போய், அது என் ஆம்படையாள், இனிமே அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கப்படாதுன்னு சொல்லுங்கோ. அவா சரின்னா ஆத்துக்குத் திரும்பலாம். இல்லேன்னா வண்டி நேரே ஹௌரா ஸ்டேஷனுக்குப் போகும். போனா நான் திரும்பி வரமாட்டேன்."

சந்தானம் அவள் தம்பி, ரயில்வே ஆபீஸில் வேலை. அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அவள் சொன்னால் செய்கிறவள்.

சனிக்கிழமை வந்தது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மௌன அனுஷ்டானம் முடியும் வரைகூடப் பொறுக்க முடியவில்லை. "சார்! அது ஆவியில்லை. அது என் மனைவி. எங்கள் வழக்கப்படி மாதத்தில் சில நாள் பெண்கள் தனியே இருப்பார்கள். அந்த வேலைக்காரன் நான். அவள் ஊருக்குப் போகவில்லை. நான் சொன்னது பொய்!" என்று ஒரே மூச்சில் கத்தினேன். வேர்த்துக் கொட்டிற்று.

டாக்டர் எழுந்து வந்து, அன்பாக என் கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"கனவான்களே! இவ்வளவு அழகான உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை. மனைவி தொலைவில் இருக்கிறாள். புருஷன் ஏங்குகிறான். கொல்லையில் ஆவி. ஏக்கத்தைத் தூக்கி ஆவியின் மேல் போர்த்திவிட்டான், இப்போது ஆவியையே பெண்டாட்டி என்கிறான்! அடுத்தபடியாக, படையல் வைக்கிற வேலைக்காரனும் தானே என்கிறான்! பாவம்."

"சத்தியமாக அவள்தான், சார்!"

"எல்லா நாவலிலும் இந்த இடத்தில் சத்தியம் செய்வார்கள்" என்றார் தலைவர். "தவிர, ஊரில் இருக்கிறாள் என்று முன்பு சொன்னவனும் நீ, இல்லை என்று இப்போது சொல்கிறவனும் நீ. இரண்டில் ஒன்று பொய். பொய் சொல்கிறவன் வாக்கைச் சபை ஏற்காது. ஓட்டுக்கு விடுகிறேன்."

ஓட்டு விழுந்தது. நான் பித்தன் என்று முடிவாயிற்று. பொய்யனுக்கும் பித்தனுக்கும் ஓட்டு ரொம்ப நெருக்கம். ராய் பகதூரைப் பார்த்துக் கெஞ்சினேன், "ராய் பகதூர் மொஷாய், உங்களுக்குமா தெரியாது? உங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்களே!" அவர் என் காதோரம் குனிந்து, "முதல் நாளே தெரியும் பாபு. ஆனால் தலைவர் ஆவி என்று சொல்லிவிட்டாரே. அதற்கு மேல் நான் எப்படி?" என்றார்.

வாசலுக்குப் போய், "சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்கறா" என்றேன். அனந்தலக்ஷ்மி வண்டியிலிருந்து இறங்கி, மடிசார்த் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஹாலுக்குள் நடந்தாள். பெட்டியும் கையுமாகச் சந்தானம் பின்னால் ஓடினான்.

கனவான்கள் எழுந்து நின்றார்கள். ஸ்திரீ வந்தால் எழுந்துவிடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

"என் மனைவி" என்றேன்.

தலைவர் உற்றுப் பார்த்தார். "இவள் அவள் அல்ல. அவள் இவளைவிட உயரம். அந்தப் பார்வையை நான் மறக்கவே முடியாது."

"அவளுக்கு வயது அதிகம். நோயாளி" என்றார் டாக்டர்.

"அவள் நிறமே வேறு" என்றார் ராய் பகதூர் தரையைப் பார்த்தபடி.

தலைவருக்கு நியாய புத்தி விட்டுப் போகவில்லை. "இவனுக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம்" என்றார். "அம்மாள் அந்தத் திரைக்குப் பின்னால் போகட்டும். ஆவிக்குப் பக்கத்தில் தினம் படையலோடு போனவன் இவன்தானாம். அதன் முகத்தை இவன் வர்ணிக்கட்டும். இந்த அம்மாளின் முகத்தோடு ஒத்துப்போனால் சபை தீர்மானத்தை ரத்து செய்யும், என் ஜன்னலையும் அடைத்துவிடுகிறேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெண்டாட்டியின் முகத்தைச் சொல்வதா கஷ்டம்? அனந்தலக்ஷ்மியும் சந்தானமும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"கண்கள்?"

"கருப்பு, சார்."

"இந்த தேசத்தில் எல்லோருக்கும் கருப்புதான். பெரியதா, சிறியதா? புருவம் எப்படி?"

"நடுத்தரம்" என்றேன் யோசித்து.

"மூக்கு?"

"எட்டுக்கல் பேசரி, சார்! என் மாமனார் கும்பகோணத்தில் சொல்லிச் செய்து போட்டது. நல்ல நீரோட்டம்."

"மூக்கைக் கேட்டேன்."

"பேசரி போட்டிருக்கிற மூக்குதான்."

"சிரித்தால் கன்னம் குழியுமா? மச்சம், தழும்பு ஏதாவது?"

கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். தோடு தெரிந்தது. புடவைத் தலைப்பு தெரிந்தது. ரசப் பாத்திரத்தைத் தள்ளுகிற என் கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஏழு வருஷம் ஐயா, ஏழு வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணினவன்! அங்கேயே செத்துப் போய்விடலாம் போல இருந்தது.

தலைவர் இரக்கத்தோடு சொன்னார்: "அறுபது கஜ தூரத்திலிருந்து குழாயில் பார்த்த நாங்கள் ஆளுக்குப் பத்துப் பக்கம் சொல்லியிருக்கிறோம். தப்பாகவே இருக்கட்டும், பார்க்கவாவது பார்த்தோம். நீ பார்க்கவே இல்லை. சாட்சி என்று உன்னைக் கூப்பிட்டதே எங்கள் தவறு."

திரைக்குப் பின்னால் அனந்தலக்ஷ்மியின் குரல் கேட்டது. "என்னடா கேட்டா?"

"உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா, அக்கா."

"என்ன சொன்னார்?"

சந்தானம் தயங்கினான். "பேசரியைப் பத்திச் சொன்னார்."

திரை விலகிற்று. வந்தாள். எனக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் வந்து நின்று, முகத்தை நிமிர்த்தினாள்.

"மெயில் ரயிலுக்கு இன்னும் நாழி இருக்கு. அது வரைக்கும் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். அத்தனை கனவான்களுக்கும் முன்னால், தலைப்பாகையும் கோட்டுமாக நின்று என் பெண்டாட்டியைப் பார்த்தேன். இடது புருவத்தில் கொஞ்சம் முடி கம்மி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மோவாய்க்கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, ஆறி வெளுத்திருந்தது.

"இது எப்போ?" என்றேன்.

"போன ஐப்பசி. கொல்லைப் பாசியிலே வழுக்கி விழுந்தேன். ரத்தம் நிக்கலை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஆத்திலே யாரும் இல்லை. அடுத்தாத்து வங்காளி மன்னி, அந்த பௌதிதான் ஓடி வந்து மஞ்சள் வெச்சுக் கட்டினா. வெளியிலே உக்காந்திருக்கேன், தொடாதேன்னு சொன்னேன். பரவாயில்லைன்னு தொட்டா."

"நான் எங்கே இருந்தேன்?"

"சனிக்கிழமைன்னா அது."

"அம்மாள் என்ன சொல்கிறாள்?" என்று தலைவர் கேட்டார். சபையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். யாரும் ஓட்டுக்கு விடவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேரமாச்சு, அத்திம்பேர்" என்று சந்தானம் பெட்டியைத் தூக்கினான். கனமான தகரப் பெட்டி, ஒரு பக்கம் சாய்ந்தது. பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு நான் போய் மற்றப் பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். "எங்கே வரேள்?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "தெரியலை" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படி இருக்கு, பாத்து இறங்குங்கோ" என்றாள்.